வழக்கு முடியும் வரை குழந்தை யாரிடம்?



தலாக் பற்றியும் குல்உ பற்றியும் இத்தா பற்றியும் நிறையவே கேட்டிருப்பீர்கள். கணவனும் மனைவியும் பிரிந்து வழக்கு குடும்ப நீதிமன்றத்தை அடைந்த பின், தீர்ப்பு வரும் வரை பிள்ளை யார் வீட்டில் உறங்குவது, பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வழக்கு ஓராண்டும் நடக்கலாம், நான்காண்டும் நடக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்காண்டு என்பது ஏறத்தாழ அதுவரை வாழ்ந்த வாழ்நாள் அளவு. அந்தக் காலத்துக்காக நீதிமன்றம் இடும் ஆணையையே இடைக்கால உத்தரவு என்கிறோம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்னும் மகனைப் பெற்று, பின்னர் அவரைப் பிரிந்துவிட்டார்கள். ஒரு நாள் குபாவுக்குச் சென்றபோது, பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு, அவன் புயத்தைப் பற்றித் தம் வாகனத்தின் மீது அமர்த்திக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டி ஓடி வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. என் மகன் என்றார் உமர். என் மகன் என்றார் அம்மூதாட்டி. சிறுவனைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு கலீஃபா பணித்தார்கள். உமர் (ரலி) மறுமொழி ஒன்றும் கூறவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடும் இக்காலத் தந்தைமார் அந்த மௌனத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தையை வளர்க்கும் பொறுப்பை ஃபிக்ஹு நூல்கள் ஹளானத் என்கின்றன. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், பகுத்தறியும் பருவம் வந்தபின் தாய் தந்தையரில் ஒருவரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். இத்தகைய ஒரு வழக்கில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவனிடமே விருப்பத்தைக் கேட்டதும், அவன் தாயின் கரத்தைப் பற்றியதும் அபூதாவூத் நூலில் காணக் கிடைக்கின்றன. வளர்ப்பது தாயானாலும் செலவு தந்தையுடையதே. இதில் மத்ஹபுகளுக்கிடையே சச்சரவு இல்லை.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்புரிமைக்குட்பட்டோர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே குழந்தையைத் தற்காலிகமாக ஒருவர் பொறுப்பில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பொது இடத்தில் வருமாறு வற்புறுத்தக்கூடாத பெண்பிள்ளையானால், நாட்டு வழக்கப்படியே அழைத்து வரவேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தச் சட்டத்தில் இப்படியொரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. காப்பாளரை நியமிக்கையில் பிள்ளையின் வயது, பாலினம், மார்க்கம், அறிந்து சொல்லும் வயதானால் அதன் விருப்பம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்பது 17ஆம் பிரிவு. ஷரீஅத் தாய்க்கு அளித்த உரிமையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். ஆயினும் இறுதியில் அது பார்ப்பது பிள்ளையின் நலனையே.

பிள்ளையைத் தன்னிடம் விட்டு உத்தரவு வந்ததும் மிட்டாய் வழங்கிய குடும்பத்தையும் கண்டிருக்கிறேன். குழந்தையின் பொறுப்பு பற்றிய ஆணைகள் அனைத்துமே இயல்பில் தற்காலிகமானவை, சூழல் மாறினால் மாறக்கூடியவை என்று 1973இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. அவ்வாறிருக்க, மிட்டாய் எதற்கு? அந்தப் பிள்ளை அமானிதம்.

எங்கள் மஹல்லாவில் சமரசம் பேச அமர்ந்த ஒரு மாலை. தந்தை சொன்னார்: “பிள்ளையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. நான் எதற்குப் பணம் அனுப்ப வேண்டும், ஹஜ்ரத்?” தாயின் அண்ணன் சொன்னார்: “பணமே அனுப்பாதவருக்குப் பிள்ளையை ஏன் காட்ட வேண்டும்?” இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். இரண்டுமே தவறு. பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கு கூடாது, தந்தைக்கும் தீங்கு கூடாது என்பது திருமறையின் 2:233ஆம் வசனத்தின் கருத்து. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அச்சிறுவன் ஹவுளின் படியில் அமர்ந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

தலாக் ஆன பெண்ணின் பிள்ளைகளுக்கும், வயது வரும் வரை தந்தையிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்துள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி, இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும். பிள்ளையைக் காணும் உரிமை தனி. தொலைவில் உள்ள தாயோ தந்தையோ பிள்ளையுடன் காணொளியில் பேசவும் வழி செய்ய வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வளைகுடாவில் உழைக்கும் தந்தைமார் இதை அறிந்திருத்தல் நலம்.

மனுக் கொடுக்கும்போதே எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், அழைத்து வருபவர் யார் என்பனவற்றைத் தெளிவாகக் கேட்டுப் பெறுங்கள். பெருநாளையும் மறவாதீர்கள். மேற்சொன்ன பிள்ளையின் உத்தரவில் நோன்புப் பெருநாளுக்கு ஆங்கிலத் தேதியைக் குறித்திருந்தார்கள். அவ்வாண்டு பிறை ஒரு நாள் தள்ளிப் போயிற்று. குறித்த தேதியில் முப்பதாம் நோன்பு. பெருநாளன்றோ உத்தரவு இல்லை. தாயின் அண்ணன் தாளைக் காட்டி மறுத்தார். தாய் அவரிடம் வாதாடவில்லை. மகனுக்குப் புத்தாடை உடுத்தி, தொப்பி வைத்து, தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் வாசலில் தந்தையிடம் அனுப்பி வைத்தார். அடுத்த தவணையில் இரு தரப்பும் சேர்ந்து மனுக் கொடுத்து, தேதியை நீக்கி, ‘பிறை கண்ட மறுநாள், பெருநாள் தொழுகை முதல் அஸர் வரை’ என்று திருத்தி வாங்கினர்.