பத்து ஆட்டம் ஜெயித்தால் போதுமா?

செஸ் எஞ்சின் எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதுதான்: "ஸ்டாக்ஃபிஷ் செட்டிங்ஸ்ல எதை மாத்தினா இன்னும் நல்லா ஆடும்?" பேச்சில் விட்டுப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாம் கை வைக்க வேண்டியவை முக்கியமாக மூன்று.

முதலாவது, த்ரெட்ஸ். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஸ்டாக்ஃபிஷ் 1 த்ரெட்டில்தான் ஓடும். 8 கோர் லேப்டாப் என்றால் மற்ற ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கும். கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இதை ஏற்றுங்கள்.

இரண்டாவது, ஹேஷ். ஏற்கெனவே அலசிய நிலைகளை எஞ்சின் குறித்துவைக்கும் இடம் இது. ஆரம்ப அளவு வெறும் 16 எம்பி. சில நொடிகளில் நிரம்பிவிடும். நீண்ட நேரம் யோசிக்க விடுவதாக இருந்தால் 1 ஜிபி வரைக்கும் கொடுக்கலாம். ஆனால் காலியாக இருக்கும் ரேமைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, மல்ட்டிபிவி. "நல்ல நகர்த்தல் மூணு காட்டு" என்றால் காட்டும். ஆனால் உழைப்பு மூன்றாகப் பிரியும். ஆட்ட பலம்தான் வேண்டும் என்றால் 1-லேயே விடுங்கள்.

இதுவரை சுலபம். சிக்கல் இதற்கு அப்புறம்தான். ஸ்டாக்ஃபிஷ் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தது. உள்ளே எந்த நகர்த்தலை எவ்வளவு ஆழம் பார்ப்பது, எதைப் பாதியில் விடுவது என்று தீர்மானிக்கும் எண்கள் ஏராளம். அதில் ஒன்றை மாற்றி, பழைய எஞ்சினோடு பத்து ஆட்டம் மோதவிட்டு, 6-4 வந்தால் "ஆஹா, பலமாயிடுச்சு!" என்று தோன்றும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 5 ஈலோ கூடினால் 100 ஆட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியது 50.7 புள்ளி. பாதி ஆட்டங்கள் டிராவாகும் என்று வைத்துக்கொண்டால், 100 ஆட்டத்தில் வரும் முடிவு தற்செயலாகவே 50 ஈலோ வரை மேலே கீழே போகலாம். அந்த 5 ஈலோவை உறுதியாகப் பிடிக்க பல ஆயிரம் ஆட்டம் தேவைப்படும். பத்து ஆட்டம் எந்த மூலைக்கு?

இதற்காகத்தான் 2013-ல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட்டை உருவாக்கினார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினி நேரத்தைக் கொடுக்க, புது நிரலும் பழைய நிரலும் மோதிக்கொண்டே இருக்கும். ஒரே தொடக்க நிலையை நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுவார்கள். முதலில் வேக ஆட்டம். தேறினால் நீண்ட ஆட்டம். எண்களைத் திருத்த எஸ்பிஎஸ்ஏ என்ற முறை: பல எண்களை ஒரே நேரத்தில் இரண்டு எதிர்த்திசைகளில் லேசாக அசைத்து, இரண்டையும் மோதவிட்டு, ஜெயித்த பக்கம் கொஞ்சம் நகர்வது. அப்படிக் கிடைத்த எண்களும் மறுபடி பரீட்சை எழுதியாக வேண்டும். அங்கே வரும் யோசனைகளில் பெரும்பாலானவை தோற்றுத்தான் போகின்றன. அனுபவசாலிகளின் யோசனைகளுக்கும் அதே கதிதான்.

எனக்கு இதில் பிடித்தது அதுதான். யார் சொன்னது என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. நம் வீட்டு மூலையில் கிடக்கும் லேப்டாப்பையும் ராத்திரி அந்த வேலையில் சேர்த்துவிடலாம்.

முதல் மூன்றை இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். அதற்கு மேல் எதையாவது மாற்றி பலம் கூடியது என்றால் அவசியம் எழுதுங்கள். எத்தனை ஆட்டம் என்பதையும் சேர்த்து!