அட்டை போடும் முன்பே முளைக்கும் கை

2019 செப்டம்பரில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்திலிருந்து வந்த செய்தி கர்ப்பிணிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே பூர் பகுதியிலுள்ள சங்க்ட் மரியன் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்குள் மூன்று குழந்தைகள், ஒரு கை முழுதாக வளராமல் பிறந்திருந்தன. முன்கை சரியாக இருந்தது. உள்ளங்கையும் விரல்களும் மட்டும் அரும்பிய நிலையிலேயே நின்றுபோயிருந்தன.

அந்த நாட்டுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. கெல்சென்கிர்ச்சன் இருக்கும் அதே மாநிலத்தில், ஸ்டோல்பெர்க் என்ற ஊரிலிருந்த நிறுவனம் 1957இல் கான்டெர்கன் என்ற தாலிடோமைடு மாத்திரையை விற்பனைக்கு விட்டது. தூக்கம் வராதவர்களும் மசக்கையில் தவித்தவர்களும் அதை விழுங்கினார்கள். 1961 நவம்பரில் நிறுத்துவதற்குள் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5,000 குழந்தைகள் கருவிலேயே பாதிக்கப்பட்டார்கள்; பலருக்குக் கை கால்கள் சரியாக வளரவில்லை.

கை எப்படி முளைக்கிறது? கருத்தரித்த 26ஆம் நாள் வாக்கில் உடலின் பக்கவாட்டில் ஒரு மொட்டு கிளம்புகிறது. அதன் நுனியில் மெல்லிய வரம்பு ஒன்று. அடியிலுள்ள செல்களை வளரச் சொல்லும் ரசாயனங்களைச் சுரப்பது அந்த வரம்புதான். 1948இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் கோழிக் கருவில் அதை வெட்டி எடுத்துப் பார்த்தார். சீக்கிரம் எடுத்தால் இறக்கை தோளருகிலேயே நின்றுவிட்டது. தாமதித்து எடுத்தால் நுனி மட்டும் காணோம். கை தோளில் தொடங்கி விரலில் முடிகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

விரல்கள் வருவது இன்னும் விசித்திரம். முதலில் உருவாவது துடுப்பு போன்ற தட்டைத் தகடு. விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் தாமாகவே மடிய, ஐந்தும் பிரிகின்றன. எட்டாவது வார முடிவில் கை தயார். வளரவேண்டியது அளவுதான்.

இந்த நாட்கணக்கை மருத்துவக் கவனிப்போடு ஒட்டிப் பார்த்தால்தான் சங்கடம் புரியும். கருத்தரித்து இரண்டு வாரத்தில் நாள் தள்ளிப் போகிறது. தாலிடோமைடு கெடுதல் செய்ததோ 20 முதல் 36ஆம் நாள் வரையிலான சிறு இடைவெளியில். பல பெண்கள் 'வெயிலில் அலைந்ததால் தள்ளிப் போயிருக்கும்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் காலம் அது. ஜெர்மனியில் முட்டர்பாஸ் என்ற கர்ப்பிணி அட்டை உண்டு. அதில் பதியும் முதல் ஸ்கேன் 9 முதல் 12ஆம் வாரத்தில், அதுவும் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் முதல் தவணைக்கு 2019இல் 12 வாரத்துக்குள் பதிய வேண்டியிருந்தது. இரண்டும் அருமையான ஏற்பாடுகள். ஆனால் அதற்குள் கை ஏறக்குறைய முடிந்த கதை.

கெல்சென்கிர்ச்சனில் நடந்தது என்ன? மாநில அரசு மற்ற மருத்துவமனைகளையும் விசாரித்தது. பொதுவான காரணம் எதுவும் அகப்படவில்லை. பனிக்குடச் சவ்வின் இழை கையைச் சுற்றி இறுக்கலாம், ரத்தக்குழாய் அடைபடலாம், தற்செயலாகவும் இருக்கலாம். ஜெர்மனியில் அந்த ஆண்டு பிறந்தவை ஏறத்தாழ 7,78,000 குழந்தைகள். கை கால் குறைபாடு பத்தாயிரத்தில் ஐந்தாறு பேருக்கு வரும் என்று வைத்தால், ஆண்டுக்குச் சில நூறு பேர். அவர்கள் நாடெங்கும் சீராகப் பரவிப் பிறப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் மூன்று சேர்ந்து விழலாம். மூன்று என்பது அதிகமா என்று சொல்ல எண்ணிக்கை வேண்டும். தாலிடோமைடைப் பார்த்த நாட்டிலேயே நாடு தழுவிய பிறவிக் குறைபாட்டுப் பதிவேடு அப்போது இல்லை. மைன்ஸிலும் சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்திலும் மட்டுமே பதிவு வைத்திருந்தார்கள். எனக்கு இதுதான் அந்த மூன்று கைகளைவிட வியப்பு.

அதே 2019இல், டிசம்பர் 26 அன்று, தமிழ்நாட்டில் வளையச் சூரிய கிரகணம். பிள்ளைக்குக் குறை வந்துவிடும் என்று பயந்து கர்ப்பிணிகளைக் கத்தி எடுக்கவிடாமல் உள்ளே உட்கார வைத்த வீடுகள் ஏராளம். உட்கார வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயிறு தெரிந்தவர்கள்; உள்ளேயிருந்த பிள்ளை விரல் சூப்பிக்கொண்டிருந்திருக்கும். அந்த அக்கறை நாலைந்து மாதம் முன்பாகத் தேவைப்பட்டது, வேறு இடத்தில்: வலிப்புக்கு வால்புரோயேட்டோ, கடும் முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயினோ சாப்பிடுகிற பெண், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. மாற்று மருந்துக்குப் பழக அவகாசம் தேவை. தண்டுவடத்துக்கான போலிக் ஆசிட் மாத்திரையையும் அப்போதே தொடங்கிவிடலாம். தண்டுவடமாக வளரும் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது 28ஆம் நாள் வாக்கில்.