விராலிமலை ஜல்லிக்கட்டு: ஒரே நாளில் 1,350 காளைகளுக்கு மேல்

2019 ஜனவரி 20. விராலிமலை வாடிவாசலில் அன்று அவிழ்த்துவிடப்பட்ட காளைகள் 1,350-க்கும் மேல். அவற்றை அணைய இறங்கிய வீரர்கள் 424 பேர். உலக சாதனை என்று அறிவிக்கப்பட்ட நாள் அது. பார்க்க வந்தவர்களில் இருவர் மாடு முட்டி இறந்ததும் அதே நாளில்தான். சாதனையைச் சொல்லும் பலகை அவர்களையும் சொல்லியாக வேண்டும்.

விதி எளிது, விளையாட்டு கடினம். திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ தொடக் கூடாது. ஒரு காளைக்கு ஒரு வீரர்தான். பாய்ச்சலில் உதறப்பட்டு விழாமல் குறித்த தூரம் தாக்குப்பிடித்தால் பரிசு வீரருக்கு. யாருக்கும் பிடிபடாவிட்டால் வெற்றி காளைக்கு, பரிசு அதை வளர்த்தவருக்கு. போர்ச்சுகலில் எட்டு பேர் வரிசையாக நின்று ஆயுதமின்றிக் காளையை மடக்குகிறார்கள்; இங்கே களத்தில் பலர் நின்றாலும் திமிலில் தொங்குபவர் தனியாள்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் இளைஞர்கள் திரண்டு போராடிய பின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடக்கும் தச்சங்குறிச்சியும் விராலிமலை இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டம்தான்.

போட்டி நாளில் வந்தால் தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். மாடு வெளியேறும் பாதையில் தயவுசெய்து நிற்க வேண்டாம்.