'ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாமே?' – கடைசிக்கால நோயாளி பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

"இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று பெரியாஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி அனுப்பிய புற்றுநோயாளி லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கேள்விகள் கிளம்புகின்றன. அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் இவற்றை யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை. பீலிக்கரையிலும் கொழுந்து மலையிலும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். அடிக்கடி காதில் விழும் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

வலியில் துடிக்கிறவர் தானே கேட்கிறார். டாக்டர் ஒரு ஊசி போட்டு முடித்துவிடக் கூடாதா?

இலங்கையில் கூடாது. நோயாளியே கெஞ்சினாலும், குடும்பமே சேர்ந்து கையெழுத்து வைத்தாலும் அது கொலைக் குற்றம். ஊசி டாக்டர் கையில் இல்லை, மருந்தை எடுத்து நீட்டியது மகள்தான், விழுங்கியது அவரேதான் என்றாலும் தப்பில்லை என்று ஆகாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 299ஆம் பிரிவு தற்கொலைக்கு உடந்தையாவதைப் பேசுகிறது. அதற்கு எழுதப்பட்டிருக்கும் தண்டனை மரணம். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பிரிவு அப்படியே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவை 1998இல் நீக்கினார்கள். உதவியவர் மீதான பிரிவில் கைவைக்கவில்லை.

வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களாமே?

சில நாடுகளில். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல், நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல், நியூசிலாந்தில் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் எங்கும் ஒன்றல்ல. ஒரிகனில் நோயால் ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரக்கூடும் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், நோயாளிக்குத் தெளிந்த புத்தி இருக்க வேண்டும், மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் மருத்துவரே ஊசி போடலாம்.

மூச்சு மெஷினை எடுப்பதும் கொலைதானே?

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். மும்பையின் கே.ஈ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷான்பாக்கின் வழக்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1973 நவம்பரில் அந்த மருத்துவமனைக்குள்ளேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தவர், ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே நிலையில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு பத்திரிகையாளர் பிங்கி விரானி இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கே.ஈ.எம். தாதிகள் எதிர்த்தார்கள்: இவர் எங்கள் ஆள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 2011 மார்ச்சில் நீதிமன்றம் அருணா விஷயத்தில் தாதிகளின் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்றும் சொன்னது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். 2018 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. "எனக்கு மெஷின் வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பாவணத்தை ஏற்றது. அதன் நடைமுறை 2023இல் இலகுவாக்கப்பட்டது.

ஆக, உயிரைப் பறிக்க ஊசி போடுவது ஒன்று. பலன் தராத சிகிச்சையை விட்டுவிட்டு நோயை அதன் போக்கில் விடுவது இன்னொன்று. முன்னதை இந்தியாவும் இன்றுவரை அனுமதிக்கவில்லை. இலங்கையில் இத்தகைய விருப்பாவணத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் தெளிந்த நினைவோடு இருக்கும் பெரியவர் ஒருவர் தனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். அப்படி மறுத்த அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருந்த பிள்ளைகளை "கொன்னுட்டாங்க" என்று லயத்தில் யாராவது பேசினால், அது அறியாமை.

மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் செத்துப்போவாராம், அடிமையாகிவிடுவாராம்?

இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் வலியில் கிடக்கிறார்கள். மோர்பினைக் குறைந்த அளவில் தொடங்கி, வலி எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். அப்படிக் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாள் தூக்கம் தள்ளும், குமட்டலாம். மலச்சிக்கல் மட்டும் கூடவே இருக்கும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே கடும் புற்றுநோய் வலிக்கு மோர்பினைப் பரிந்துரைத்துவிட்டது.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. மேல் டிவிஷனில் இருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து கிளினிக் போக ஒரு நாள் போய்விடுகிறது. கூடப் போகிறவருக்கு அன்றைக்குப் பேர் (நாள் சம்பளம்) இல்லை. மாத்திரை தீர்ந்தாலும் அடுத்த கிளினிக் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். "என்னைக் கொன்னுடுங்க" என்ற சத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் எழுகிறது. வலி அடங்கிய பிறகு அதே மனிதர் பிளேன்டீ கேட்பதையும் பேத்தி ஸ்கூல் விட்டு வந்தாளா என்று விசாரிப்பதையும் பார்க்கலாம்.

உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் பால் ஊற்றலாமா? மண்ணாசை தீர மண் கரைத்துக் கொடுக்கலாமா?

வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போனவருக்கு ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணற வைக்கும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தாலே அவருக்கு இதம். சடங்குக்கு ஒரு சொட்டுப் பாலை உதட்டில் தொட்டு வைத்தால் போதும், பிள்ளைகளின் மனமும் ஆறும். கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காதது நோயின் இயல்பு. பட்டினி போட்டுவிட்டோமே என்று கலங்க வேண்டாம்.

"நான் உங்களுக்குப் பாரம், போய்ச் சேர்ந்தா சரி" என்கிறார் தாத்தா. அது அவர் விருப்பம்தானே?

பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. மருமகள் மலைக்குப் போகவில்லை என்பதும் நேற்று கிலோ குறைந்து அரைப்பேர்தான் விழுந்தது என்பதும் அவர் காதில் விழுகிறது. அந்த நிலைமையில் வரும் "போய்ச் சேர்ந்தா சரி"யில் அவர் சொந்த விருப்பம் எவ்வளவு, வீட்டுக் கஷ்டம் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? தமிழ்நாட்டின் விருதுநகர்ப் பக்கத்தில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுக்கையில் விழுந்த முதியோரை உறவினரே கொன்ற வழக்கம் செய்திகளில் வந்ததை வாசகர்கள் அறிவார்கள். அங்கேயும் அதைக் கருணை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

வலிக்கு மருந்தும், வீடு தேடி வரும் தாதியும், பராமரிப்பவருக்கு ஒரு வருமானமும் உள்ள ஊரில், தெளிந்த புத்தியோடு ஒருவர் "போதும்" என்று சொன்னால் அந்த வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன். இவை எதுவும் இல்லாத தோட்டத்தில் சாவை மட்டும் உரிமையாகக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அயலவர்களையே தொண்டர்களாகப் பழக்கி வீடுவீடாகப் போகிறது. தோட்ட வைத்தியசாலையும் பிள்ளை மடுவமும் உள்ள மலையகத்தில் அப்படி ஒன்றை ஏற்படுத்த முடியாதா என்பதைத் தொழிற்சங்கங்களும் சுகாதார அமைச்சும்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சாமி குத்தமா?

வலிக்கு மருந்து எடுப்பது எந்தச் சமயத்திலும் பாவமில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே அதை அனுமதித்தார். உயிரைப் போக்க உதவும் பிக்கு சங்கத்திலிருந்தே நீங்கியவராவார் என்பது பௌத்த விநயம். வடக்கிருந்து (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல்) உயிர்விட்ட மரபு நம்மிடம் உண்டு என்று சிலர் காட்டுவார்கள். அது அரசர்களும் துறவிகளும் எடுத்த முடிவு, ஊசிக்கு ஆதாரமாகாது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: வலி மருந்து அடுத்த தேதி வரை காணுமா, இடையில் தீர்ந்தால் கிளங்கன் ஆஸ்பத்திரியிலோ பக்கத்திலுள்ள வேறு அரச ஆஸ்பத்திரியிலோ எடுக்கலாமா, ராத்திரி வலி கூடினால் எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம். பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிற உங்களுக்கே மனம் உடைந்தால், அல்லது நோயாளி விபரீத முடிவு எடுத்துவிடுவாரோ என்று பயந்தால், மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.