நாய்களில் உண்டாகும் புற்றுநோயும் அதற்குரிய சிகிச்சையும்

வயலையும் தோட்டத்தையும் காப்பதில் நாயின் உதவியை அறியாத கமக்காரர் இலர். இரவிற் பன்றி வயலுள் இறங்கும்போது முதலிற் குரல் கொடுப்பது நாயே. சோளமும் கச்சானும் விளையும் காலத்தில் குரங்கும் மயிலும் அணுகாவண்ணம் பகல் முழுதும் காவல் செய்வதும் அதுவே. எனினும், பசுவிற்குச் சிறிது நோய் கண்டாலும் மிருக வைத்தியரை நாடுபவர்கள், நாய்க்கு நோய் வரும்போது அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. அதன் உடலிற் கட்டி தோன்றினால் தானாக வற்றிவிடும் என விட்டுவிடுகின்றனர். கட்டி புண்ணாகி நாற்றமெடுக்கத் தொடங்கியதும், சந்தையடியிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விட்டுவருவதும் உண்டு.

இவ்வாறு கைவிடப்படும் நாய்களுட் பல, குணப்படுத்தக்கூடிய நோயையே உடையன. கிராமத்து நாய்களில் அடிக்கடி காணப்படும் புற்றுநோய் ஒன்று, மருந்தினால் மிக எளிதில் மாறக்கூடியது. அந்நோயுள்ள நாயைக் கைவிடுவதால் அது ஊர்நாய்கள் பலவற்றிற்கும் பரவுகின்றது. ஆகவே, இந்நோய்களைப் பற்றி நாய் வளர்ப்போர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

புற்றுநோய் என்பது யாது?

உயிர்களின் உடல் எண்ணிறந்த நுண்ணிய கலங்களால் ஆனது. பழைய கலங்கள் அழிய, அவற்றின் இடத்திற் புதிய கலங்கள் அளவாக உண்டாகின்றன. யாதேனும் ஒரு கலம் இவ்வொழுங்கை மீறி ஓயாது பெருகத் தொடங்கின் அதனாற் கட்டி உண்டாகின்றது.

கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல. முதிய நாய்களின் தோலின் கீழ் மெதுவாக வளரும் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுக்கட்டியோ அண்டையிலுள்ள தசையினுள் வேரோடுவதுடன், குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் நுரையீரல், ஈரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவும். கோரைப்புல்லின் தலையை அரிந்துவிட்டாலும் மண்ணுள் இருக்கும் கிழங்கு மீண்டும் முளைப்பதை யாவரும் அறிவர். புற்றுக்கட்டியின் மேற்பகுதியை மட்டும் வெட்டினாலும் இதுவே நிகழும்.

கட்டி எவ்வகையது என்பதைக் கண்ணாற் பார்த்தோ கையால் தடவியோ நிச்சயிக்க இயலாது. மிருக வைத்தியர் ஊசியினாற் சில கலங்களை எடுத்தோ, கட்டியின் சிறு துண்டை வெட்டியெடுத்தோ நுணுக்குக்காட்டியின் மூலம் பரிசோதித்தே அதனை உறுதிசெய்வர்.

மாதம் ஒருமுறை சோதித்தல்

நாயைக் குளிப்பாட்டும்போது தலை முதல் வால் வரை கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். வாய், தாடையின் கீழ்ப்புறம், முலைகள், பிறப்புறுப்பு, கால்கள் ஆகியவற்றைத் தவறாது பார்க்கவேண்டும். கட்டி காணப்படின், அது கடலையளவா பாக்களவா எனக் கணித்து, நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளல் நன்று. கீழ்க்காணும் குறிகளுள் எதனைக் கண்டாலும் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

1. ஒரு மாதத்துள் பெருத்துவரும் கட்டி
2. பல வாரங்களாகியும் ஆறாத புண்
3. பிறப்புறுப்பிலிருந்தோ மூக்கிலிருந்தோ துளித்துளியாக வடியும் இரத்தம்
4. காரணமின்றி உடல் மெலிதல்
5. அடிபடாமலே தொடர்ந்து நொண்டுதல்
6. தாடையின் கீழும் பின்முழங்காலின் புறத்தும் வலியற்ற வீக்கம்

நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் புற்றுநோய்

பெரும்பாலான புற்றுநோய்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தொற்றுவதில்லை. ஆனால் நாய்களின் பிறப்புறுப்பில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய் இதற்கு விலக்காகும். நோயுள்ள நாயின் கட்டியிலிருந்து உதிரும் உயிருள்ள கலங்கள், புணர்ச்சியின்போது மற்ற நாயின் உடலில் ஒட்டி அங்கேயே வளர்கின்றன. நக்குவதாலும் முகர்வதாலும் மூக்கிலும் வாயிலும் இக்கட்டி தோன்றுவதுண்டு.

மிஸ்திஸ்லாவ் நொவின்ஸ்கி என்னும் உருசிய மிருக வைத்தியர், 1876 ஆம் ஆண்டில் இக்கட்டியை ஒரு நாயிலிருந்து வேறொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்தார். பல நாடுகளின் நாய்களிலிருந்து எடுக்கப்பட்ட கட்டிகள் யாவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது 2006 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நாயின் கலமொன்றில் 78 நிறமூர்த்தங்கள் இருக்க, இக்கட்டியின் கலங்களில் ஏறக்குறைய 59 மாத்திரமே உள. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயில் உண்டான கட்டியே இன்றும் நாய்க்கு நாய் மாறி வாழ்ந்து வருகின்றது.

நோய் தொற்றிச் சில மாதங்களின் பின்னரே கட்டி வெளிப்படும். அது செந்நிறமாய், பூக்கோவாவின் பூப்போன்ற மேற்பரப்புடையதாய், தொட்டவுடன் இரத்தம் கசிவதாய் இருக்கும். பெட்டை நாயில் வடியும் இரத்தத்தைப் பருவக் காலத்து இரத்தம் என எண்ணி ஏமாறுவோர் பலர். பருவக் காலத்து இரத்தம் மூன்று வாரங்களளவில் நின்றுவிடும். அதன் பின்னும் வடியுமாயின் ஐயுறல் வேண்டும். கடுவன் நாயில் குறியின் உறைக்குள் கட்டி மறைந்திருத்தலால், உறைநுனியில் இரத்தத்துளி காண்பதே முதற் குறியாகும். இந்நோய் மனிதருக்கோ மாட்டிற்கோ ஆட்டிற்கோ தொற்றாது.

பட்டிப்பூவிலிருந்து பெறப்படும் மருந்து

இத்தொற்றுப் புற்றுநோய்க்குச் சிறந்த மருந்து வின்கிறிஸ்ரின் என்பதாகும். நம் வீட்டு முற்றங்களில் வளரும் பட்டிப்பூ எனப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தே இது பிரித்தெடுக்கப்படுகின்றது. அச்செடியின் தாயகம் மடகஸ்கார் தீவாகும். மனிதரின் புற்றுநோய்க்கு இம்மருந்தை உபயோகிக்க 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது.

மிருக வைத்தியர் இதனை வாரம் ஒருமுறை நாளத்தினுள் ஏற்றுவர். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு ஊசிகளுள் கட்டி முற்றாக மறைந்துவிடும். முறையாகச் சிகிச்சை பெறும் நாய்களிற் பத்துக்கு ஒன்பதளவில் குணமடைகின்றன. இரண்டாம், மூன்றாம் ஊசியோடு இரத்தம் நின்று கட்டியும் சுருங்கியதைக் கண்டு சிகிச்சையை நிறுத்துதல் பெருந்தவறாகும். எஞ்சிய கலங்கள் மீண்டும் வளரும். இக்கட்டியைச் சத்திரசிகிச்சையால் மட்டும் அகற்றினாலும் மீண்டும் தோன்றுவது வழக்கம்.

இம்மருந்து குருதியிலுள்ள வெண்கலங்களைக் குறைக்கக்கூடும். அதனால் ஊசிக்கு முன் குருதிப் பரிசோதனை வேண்டப்படும். சில நாய்களுக்கு வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல் உண்டாகலாம். காய்ச்சலோ மிகுந்த சோர்வோ காணின் உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். மருந்து மலசலத்துடன் வெளியேறுமாதலால், ஊசியேற்றிய பின் சில நாட்களுக்கு நாயைக் கீரைப்பாத்திகளிலும் கிணற்றடியிலும் விடலாகாது. கையுறையின்றி அதன் மலசலத்தைத் தொடலாகாது. கர்ப்பிணிகளும் சிறுவரும் இவ்வேலையைச் செய்யவே கூடாது.

முற்றத்திலுள்ள செடிதானே என்று அதன் இலையையோ வேரையோ அவித்து நாய்க்குப் பருக்குதல் ஆபத்தாகும். செடியில் நஞ்சுகள் பல உள. மருந்தின் அளவை அவ்வாறு கணிக்கவும் இயலாது.

பெட்டை நாய்களின் முலைக்கட்டி

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்படாத முதிய பெட்டை நாய்களிற் பெரிதும் காணப்படுவது முலைக்கட்டியாகும். நாய்க்கு வழக்கமாக ஐந்து சோடி முலைகள் உண்டு. அவற்றுட் பின்புறத்து இரண்டு சோடிகளிலேயே கட்டி அதிகம் தோன்றும். இக்கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றுத்தன்மையுடையன.

இதற்குரிய முதற் சிகிச்சை சத்திரசிகிச்சையே. கட்டி பாக்களவை மீறாமுன் அகற்றப்படின் நாய் பல்லாண்டு வாழக்கூடும். தேங்காயளவாகிப் புண்ணாகிய பின் கொண்டுசெல்லின், நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலாற் சத்திரசிகிச்சைக்கு முன் நெஞ்சின் எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தல் நன்று.

முதற் பருவத்திற்கு முன்னரே சூலகங்களை அகற்றின் இந்நோய் வருவது மிக அரிது. 1969 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, கருத்தடை செய்யப்படாத நாய்க்குள்ள அபாயத்தை 100 எனக் கொண்டால், முதற் பருவத்திற்கு முன் செய்யப்பட்ட நாய்க்கு அது 0.5 ஆகவும், ஒரு பருவத்தின் பின் செய்யப்பட்டதற்கு 8 ஆகவும், இரண்டு பருவங்களின் பின் 26 ஆகவும் இருந்தது. பருவம் வராது தடுக்க இடப்படும் ஓமோன் ஊசிகளோ முலைக்கட்டியையும் கருப்பை நோயையும் வரவழைக்கக்கூடியன.

ஏனைய வகைகள்

நிணநீர்க்கணுக்களில் உண்டாகும் புற்றுநோயில் தாடையின் கீழும் தோள்களின் முன்னும் கணுக்கள் வீங்கும். சிகிச்சை இன்றேல் நாய் இரண்டொரு மாதங்களில் இறக்கும். மருந்துகள் பலவற்றை ஒழுங்காக ஏற்றுவதனால் வாழ்நாளை ஓராண்டளவு நீட்டலாம். எனினும் பூரண குணம் அரிது.

பெரிய உடலமைப்புள்ள நாய்களின் காலென்பில் வரும் புற்றுநோய் கடும் வலியைத் தரும். காலை அகற்றுவது அவ்வலியைப் போக்கும். நாய் மூன்று காலில் நடக்க விரைவிற் பழகிக்கொள்ளும். விதை இறங்காத கடுவன் நாய்களுக்கு, உள்ளே நின்ற விதையிற் கட்டி தோன்றும் அபாயம் அதிகம். அதனை இளமையிலேயே அகற்றிவிடல் வேண்டும்.

களைநாசினி தெளித்த புற்றரைகளில் உலாவிய ஸ்கொட்டிஷ் ரெரியர் இன நாய்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தமை, 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. எல்லா நாய்களுக்கும் இது பொருந்துமெனக் கூற இயலாதெனினும், மருந்து தெளித்த வயலிலும் பாத்தியிலும் ஈரம் உலருமுன் நாயை விடாதிருத்தல் அறிவுடைமையாம்.

குணப்படுத்த இயலாதபோது

நோய் உடலெங்கும் பரவியபின் நாயின் வலியைத் தணிப்பதே சிகிச்சையின் நோக்கமாகும். நாய் விரும்பி உண்கிறதா, எழுந்து நடக்கிறதா, வீட்டாரைக் கண்டு வாலாட்டுகிறதா என்பவற்றை நாள்தோறும் கவனிக்கவேண்டும். நல்ல நாட்களிலும் வருந்தும் நாட்கள் மிகும்போது, வைத்தியரின் ஊசியால் வலியின்றி அதன் உயிரை முடித்தல் இரக்கமுள்ள செயலாகும். பட்டினியாற் சாகத் தெருவில் விடுவதினும் இது எவ்வளவோ மேலானது.

செய்யத் தகாதவை

1. கட்டியைச் சவரத் தகட்டினால் அறுத்தலும், நூலாற் கட்டி இறுக்குதலும், சூடிடுதலும் கூடா.
2. சுண்ணாம்பு, துரிசு, மண்ணெண்ணெய், பூச்சிநாசினி ஆகியவற்றைப் புண்ணிற் பூசலாகாது. நாய் அவற்றை நக்கி நஞ்சுண்டு இறக்கும்.
3. மனிதருக்குரிய வலிமாத்திரைகளைக் கொடுக்கலாகாது. பரசிற்றமோல், இபுபுரூபன் ஆகியன நாய்க்குத் தீங்கு செய்வன.
4. தொற்றுப் புற்றுநோயுள்ள நாயைக் குணமாகும்வரை அவிழ்த்துவிடலாகாது.

நாயைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லும்போது விசர்நோய்த் தடுப்பூசி இடப்பட்ட அட்டையையும் எடுத்துச் செல்லவேண்டும். வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடுமாதலால் வாயைத் துணியாற் கட்டிக்கொள்ளல் நன்று. அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முதலிற் காட்டுக. பெரிய சத்திரசிகிச்சை வேண்டின், எங்கு செய்விக்கலாம் என அங்கே கேட்டறியலாம்.

வாரம் ஒருமுறை நாயைக் கொண்டுசெல்வது அறுவடைக் காலத்தில் சிரமமாகத் தோன்றலாம். ஆயினும் ஓரிரு மாதச் சிரமம் ஒரு நல்ல காவல்நாயை மீட்டுத் தரும். அத்துடன் ஊரிலுள்ள ஏனைய நாய்களுக்கும் நோய் பரவாது தடுக்கப்படும்.