சுவர்க்கோழிக்கு என்ன தீனி?

பூச்சிகளை உணவாக்கச் சொல்பவர்கள் கையில் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும். மாடு ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஏறத்தாழ 10 கிலோ தீனி வேண்டும். பன்றிக்கு 5, கோழிக்கு இரண்டரை. இரவெல்லாம் சுவர் இடுக்கிலிருந்து கத்தித் தீர்க்கும் சுவர்க்கோழிக்கோ 1.7 கிலோ போதும். போதாக்குறைக்கு, மாட்டின் எடையில் சாப்பிடத் தேறுவது 40 சதவீதம்தான்; சுவர்க்கோழியில் 80. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ஆர்னால்ட் வான் ஹூயிஸ் தலைமையிலான குழு எழுதி, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த எண்கள் இருக்கின்றன. இவற்றைத் தொடாத பூச்சி உணவுக் கட்டுரை அபூர்வம்.

கணக்கில் பொய்யில்லை. நாம் சாப்பிடுவதில் கணிசமான பங்கு உடம்பின் சூட்டைக் காப்பாற்றவே எரிந்துபோகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் அதே கதைதான். பூச்சிக்கு அந்தச் செலவு கிடையாது. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் சூடும். தின்றதில் பெரும்பங்கு வளர்ச்சிக்கே போகிறது.

ஆனால் அந்த 1.7 கிலோ என்பது என்ன? புல்லா, வைக்கோலா, காய்கறிக் கழிவா? இதைக் கேட்காமல் விட்டால் மற்ற எண்கள் எல்லாம் காற்றில் நிற்கும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் லண்டியும் மைக்கேல் பரெல்லாவும் இதைத்தான் சோதித்தார்கள். பண்ணையில் இருப்பதுபோல நெருக்கமாகச் சுவர்க்கோழிகளை அடைத்து, ஒரு தொகுதிக்குத் தானியம் கலந்த கோழித் தீவனம், மற்றவற்றுக்கு வெவ்வேறு உணவுக் கழிவுகள், கோழி எருவும் வைக்கோலும் கலந்த தீனி என்று கொடுத்து வளர்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு பூச்சிப் பிரியர்களுக்கு உவப்பாக இல்லை. வைக்கோல் கலவையிலும், அதிகம் பதப்படுத்தாத நகராட்சி உணவுக் கழிவிலும் வளர்ந்தவற்றில் 99 சதவீதத்துக்கு மேல், அறுவடை செய்யும் அளவுக்கு வளராமலே செத்துப்போயின. கடைக் கழிவை நொதிகள் கொண்டு செரிக்கவைத்துக் கொடுத்த தொகுதி மட்டும் தப்பியது. கோழித் தீவனம் தின்றவை நன்றாக வளர்ந்தன. தீனியில் இருந்த புரதத்தில் 35 சதவீதம் அவற்றின் உடலில் சேர்ந்தது. கறிக்கோழியும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

கோழியின் தீனியைத் தின்று கோழி அளவுக்கே புரதம் தருகிறது என்றால், கோழியையே வளர்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். மாட்டின் பெயர் இந்தக் கணக்கில் வீணாகக் கெடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடு 10 கிலோ தின்றாலும் அதில் பெரும்பாலானது மனிதன் தின்ன முடியாத புல்லும் வைக்கோலுமாக இருக்கலாம். அசைபோடும் வயிறும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் அதற்காகத்தான் இருக்கின்றன. சுவர்க்கோழியின் குடலுக்கு அந்த வசதி இல்லை. மக்காச்சோளம், சோயா, மீன்மாவு என்று நம் தட்டுக்கோ கோழியின் தட்டுக்கோ வரவேண்டியதைத்தான் அதுவும் கேட்கிறது.

இத்தனைக்கும் மேல் சுவர்க்கோழி வளர்ப்பு வெற்றிகரமாக நடக்கும் இடம் ஒன்று உண்டு: தாய்லாந்து. அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள கோன் கேன் பல்கலைக்கழகம் 1990-களின் இறுதியில் கிராமத்தாருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. 2013-க்குள் சுமார் 20,000 பண்ணைகள் வந்துவிட்டன. பண்ணை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய, இடுப்பளவு உயரத் தொட்டிகள். பூச்சி ஏறி வெளியே போகாமலிருக்க உள்சுவரின் மேல்விளிம்பில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை, மேலே கொசுவலை. உள்ளே முட்டை அட்டைகளை வரிசையாக நிற்கவைத்திருப்பார்கள். அதன் குழிகள்தான் சுவர்க்கோழிகளுக்கு வீடு. ஆண் பூச்சிகள் கத்த ஆரம்பித்தால் முட்டையிடும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஈர உமியும் மணலும் நிரப்பிய கிண்ணங்களைத் தொட்டிக்குள் வைக்கிறார்கள். பெண் பூச்சி ஊசி போன்ற பின்முனையை அதில் செருகி முட்டையிடும். கிண்ணத்தை எடுத்து வேறு தொட்டியில் வைத்தால் அடுத்த தலைமுறை தயார். ஒன்றரை மாதத்தில் அட்டைகளை எடுத்து உதறினால் அறுவடை.

செலவில் பெரும்பகுதி தீவனத்துக்குத்தான். அதனால் கடைசி நாட்களில் மூட்டைத் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பூசணிக்காயும் இலைதழையும் போடுகிறார்கள். செலவு குறையும், ருசியும் கூடும். இந்தப் பண்ணைகளைக் கறிக்கோழிப் பண்ணைகளோடு ஒப்பிட்டு 2017-ல் வந்த ஆய்வு, சூழலுக்குச் சுவர்க்கோழியால் வரும் பாதிப்பு குறைவு என்றது. இருக்கும் பாதிப்பிலும் பெரும்பங்கு தீவனத்தை விளைவித்து அரைப்பதால் வருவது.

தாய்லாந்துக்கு வெயில் இலவசம் என்பதையும் மறக்கக்கூடாது. ஐரோப்பாவில் அதே கொட்டகைக்கு ஹீட்டர் போட வேண்டும். நெதர்லாந்தில் மாவுப்புழு வளர்ப்பை 2012-ல் அளந்தபோது, ஒரு கிலோ புரதத்துக்குத் தேவைப்பட்ட நிலம் மற்ற எல்லா இறைச்சிகளையும்விடக் குறைவாக இருந்தது. எரிசக்திச் செலவோ பாலையும் கோழியையும் தாண்டியது.

பொட்டலத்தில் அச்சிடும் புரத எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். உணவிலுள்ள புரதத்தை ஆய்வகங்கள் பொதுவாக நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. அது புரதமல்ல, இருந்தாலும் கணக்கில் ஏறிவிடும். மாவுப்புழு போன்றவற்றுக்கு 4.76-ஆல் பெருக்குவதே சரி என்று வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். 60 சதவீதம் என்று போட்டிருக்கும் பொடியில் அப்போது 46 சதவீதம்தான் தேறும். அப்படியும் அது நல்ல எண்தான். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி வம்சம். ஒவ்வாமையைக் கிளப்பும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் இரண்டிலும் இருக்கிறது.

வைக்கோலையும் செத்தையையும் உணவாக மாற்றும் பூச்சி இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அதைத் தமிழர்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டும் வருகிறார்கள். முதல் மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து புகைபோலக் கிளம்பும் ஈசல்தான் அது. விளக்கைக் காட்டிப் பிடித்து, வறுத்து, முறத்தில் புடைத்து இறகை நீக்கிவிட்டு, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து தின்பது கிராமங்களில் பழகிய விஷயம். கபிலர் பாரியின் நாட்டை நினைத்துப் பாடிய புறநானூற்றின் 119-ஆம் பாட்டிலேயே ஈசலை மோரில் புளிக்கச் சமைப்பது வருகிறது.

வறுக்கும்போது எண்ணெய் ஊற்றாமலே சட்டி பளபளப்பது ஏன்? ஈசல் என்பது கறையானின் வருங்கால ராஜா ராணி. பறந்து, இறகு உதிர்த்து, ஜோடியாக மண்ணுக்குள் போய் அடைத்துக்கொண்டால், முதல் வேலைக்காரக் கறையான்கள் வளரும்வரை வெளியிலிருந்து சாப்பாடு வராது. உடம்பில் சேர்த்த கொழுப்பையும், இனித் தேவைப்படாத பறக்கும் தசையையும் கரைத்துத்தான் குடும்பத்தை நடத்த வேண்டும். அந்தக் கொழுப்பு வந்த வழி இன்னும் விசித்திரம். நம்மூர்ப் புற்றுக் கறையான்கள் காய்ந்த மரத்தையும் சருகையும் மென்று, புற்றுக்குள் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. மழைக்குப் பிறகு புற்றுக்காளானாக வெளியே தலைகாட்டுவதும் அதே பூஞ்சைதான். சுவர்க்கோழியால் செரிக்க முடியாததை அந்தப் பூஞ்சை செரித்துக் கொடுக்கிறது.

ஆனால் ஈசலுக்குப் பண்ணை வைக்க முடியாது. ஒரு புற்று வளர்ந்து ஈசலை வெளியே அனுப்பவே பல ஆண்டுகள் ஆகும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த எறும்பும் காட்டு மரங்களிலிருந்து பறித்து வருவதுதான்.

கழிவைத் தின்னவும் வேண்டும், தொட்டியில் வளரவும் வேண்டும் என்றால் இன்றைக்குக் கையிலிருப்பது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற கறுப்பு ஈயின் புழு. அழுகிய பழம், மிஞ்சிய சோறு, சாணம் எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் தின்று கொழுத்துவிடும். மனிதத் தட்டுக்கு இது வரப்போவதில்லை, கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போகும். இதிலும் ஐரோப்பா ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க 2017-லும், கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்க 2021-லும் அனுமதித்தார்கள். ஆனால் ‘மேட் கவ்’ நோய்க்குப் பிறகு வந்த சட்டங்களின்படி பண்ணைப் பூச்சியும் கால்நடைதான். அதற்கு ஓட்டல் மிச்சத்தையோ சாணத்தையோ போடக்கூடாது. கழிவைத் தின்பதற்காகவே புகழப்படும் பூச்சிக்கு அங்கே தவிடு வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. பிரான்சில் பெரும் முதலீட்டோடு மாவுப்புழுத் தொழிற்சாலை கட்டிய யின்செக்ட் நிறுவனம் 2024 செப்டம்பரில் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போனது. அதன் புழுக்களும் வளர்ந்தது கோதுமைத் தவிட்டில்தான்.

தமிழ்நாட்டில் வளர்ப்புப் பூச்சி முதலில் போய்ச் சேரும் இடம் நாகப்பட்டினம் பக்கத்து இறால் குட்டைகளாக இருக்கும் என்பது என் கணிப்பு. இறால் தீவனத்துக்கு இன்று மீன்மாவு வேண்டியிருக்கிறது. அந்த மாவுக்காக, ஏழைகள் வாங்கித் தின்ற மத்தி லாரி லாரியாக ஆலைக்குப் போகிறது. அந்த இடத்தைப் புழு மாவு ஓரளவுக்கு நிரப்ப முடியும். இப்போதைக்குத் தடை விலைதான். புழு மாவு மீன்மாவைவிட விலை கூடுதல். தீனி இலவசமாகக் கிடைத்தால் அது இறங்கும். அதற்கு வீட்டிலும் சந்தையிலும் மக்கும் குப்பை பிளாஸ்டிக் கலக்காமல் தனியாக வந்து சேர வேண்டும்.