நாய்க்கு எந்தப் பழம் தரலாம்?

நாய்க்கு இனிப்புச் சுவை தெரியும், பூனைக்குத் தெரியாது. இனிப்பை உணரத் தேவையான மரபணு பூனையிடம் செயலிழந்துவிட்டது. மாம்பழம் நறுக்கும்போது நாய் வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவதில் வியப்பில்லை. கொடுப்பதற்கு முன் எந்தப் பழம், அதில் எந்தப் பகுதி, எவ்வளவு என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

வாழை, பப்பாளி, தர்பூசணி, மாம்பழம், ஆப்பிள் ஆகியவற்றின் சதைப்பகுதி நாய்க்கு ஒத்துக்கொள்ளும். ஆபத்து கொட்டையிலும் விதையிலும் இருக்கிறது. மாங்கொட்டையை விழுங்கினால் அது குடலை அடைத்துக்கொள்ளும்; அறுவை சிகிச்சை வரை போகலாம். ஆப்பிள் விதையை மென்றால் சயனைடு உண்டாகும். ஓரிரு விதைகளால் உயிர் போகாது என்றாலும் விதைப்பகுதியை வெட்டி எறிந்துவிடுவதே நல்லது. தர்பூசணியின் கெட்டித் தோல் செரிக்காது.

திராட்சையை அறவே தரக்கூடாது. பச்சை, கறுப்பு, விதையில்லாதது, உலர்ந்தது எல்லாமே நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சையும் இதில் அடங்கும். காரணம் பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. டார்டாரிக் அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்டர் கலந்து வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே பாதிப்பு வந்ததைக் கவனித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே நஞ்சாக இருக்கலாம் என்று 2021இல் முன்வைத்தார்கள். அந்த அமிலம் பழத்தின் ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்பக் கூடிக்குறையும். அதனால்தானோ என்னவோ, ஒரு நாய் தின்றும் தப்பிக்கிறது, இன்னொன்று சில பழங்களிலேயே படுத்துவிடுகிறது.

இதே அமிலம் புளியில் மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. மிஞ்சிய புளியோதரையையும் புளிக்குழம்புச் சோற்றையும் நாய்த் தட்டில் போடும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

நல்ல பழமும் அளவோடுதான். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாயின் அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சர்க்கரை நோயோ உடல் பருமனோ உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

திராட்சை தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புக் கரைசல் புகட்டாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் வயிற்றிலிருந்து வெளியேற்றிவிட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.